ஓரப் பட்டியலில் ஒரு பெயர்

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ராதாபுரத்திலிருந்து கார் பிடித்து நாலு பேர் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினார்கள். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. முன்னால் வந்தவர் நேசையா சாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. வீட்டு வாசலில் பந்தல் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர்கள் நம்பிய நேசையா சார் நாலாவது இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஏலே, மாலை யாருக்கு?” என்றார் சார்.

தம்பி மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். கூட வந்த அம்மா அழ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

“வாங்கினது வாங்கிட்ட. போட்டுட்டுப் போ. பூ வாடிரும்லா” என்றாராம் சார்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய மகள் ரீபா. முந்தின நாள் முகநூலில் அப்பாவைப் பற்றி நீளமாக ஒன்று எழுதியிருந்தாள். பூகோள வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அவர் ஒரு குடை வாங்கினார்; எழுபத்தொன்பது வயதிலும் தினமும் அதைப் பிடித்துக்கொண்டு கொக்கிரகுளம் பாலம் வரை நடந்து, தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து வீட்டாருக்கு அறிவிக்கிறார்; யாரும் கேட்காவிட்டாலும் அறிவிக்கிறார். இதுதான் விஷயம். ஆனால் முகநூல் முதல் மூன்று வரியை மட்டும் காட்டிவிட்டு மீதியை ‘மேலும்’ என்ற சொல்லுக்குள் மடித்து வைத்துவிட்டது. மேலே சாரின் வெள்ளைச் சட்டைப் புகைப்படம், கீழே “அப்பா ஓய்வு பெற்ற நாளில் ஒரு குடை வாங்கினார்” என்று இறந்தகாலத்தில் ஒரு வரி. நம் ஜனங்களுக்கு அது போதாதா? முந்நூற்று நாற்பது விருப்பக்குறி, நூற்றுப் பன்னிரண்டு ‘ஆழ்ந்த இரங்கல்’. இரங்கல் போட்டவர்களில் பத்துப் பேராவது அந்த வாரம் சாரைத் தெருவில் பார்த்து வணக்கம் சொன்னவர்கள்.

எனக்கு அன்று மத்தியானம் ரீபாவிடமிருந்து போன் வந்தது. “அண்ணாச்சி, நான் நம்ம பழைய பக்கத்துக்கே திரும்பப் போறேன். முழுசா வாசிக்காதவங்களுக்கு நான் ஏன் எழுதணும்?” என்றாள். குரலில் கோபம் இருந்தது, ஆனால் முடிவு எடுத்துவிட்டவளின் நிதானமும் இருந்தது. ரீபா நிதானமாகக் கோபப்பட்டால் காரியம் நடந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

நான் குமரகுருபரன், ஒரு கல்லூரியில் நூலகன். ரீபாவை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். இன்று அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பாளை தெற்கு பஜாரில் கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் போர்டும் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். கணவன் ஹெப்ரான் மின்வாரியத்தில் லைன்மேன். இந்த ஊரில் பூப்புனித நீராட்டு விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை அவள் கைபடாத முகம் குறைவு. தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டது என்று ஒரு கூட்டம் கடையேறி வந்து நின்றபோது, “படம் சின்னதா இல்ல, உங்க மீசைதான் பெருசா இருக்கு. அதை வெட்டினா முகம் பெருசாயிரும், வெட்டட்டுமா?” என்று கேட்டவள்.

எங்கள் பழக்கம் 2007-இல், வலைப்பூக் காலத்தில் தொடங்கியது. இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு அது என்ன பூ என்று கூடத் தெரியாது. நாட்குறிப்பு மாதிரி அவரவர் பக்கத்தில் அவரவர் எழுதுவோம். கீழே மற்றவர்கள் பின்னூட்டம் போடுவார்கள். பெயர் சொல்லாமல் வந்து திட்டிவிட்டுப் போகிறவனுக்கு அனானி என்று பெயர். நாலு பேர் சேர்ந்து எழுதினதை விட்டுவிட்டு அரட்டை அடித்தால் அதற்குக் கும்மி. ரீபாவின் பக்கத்துக்குப் பெயர் ‘மூணாவது புரூஃப்’. அச்சுக்குப் போகும் முன் மூன்று முறை திருத்தம் பார்ப்பது அவள் கடை வழக்கம், அதனால் அப்படி வைத்தாள். என் பக்கத்தின் பெயர் ‘அடுக்கு எண்’. யாரும் நினைவு வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது ஆள் விஜயஸ்ரீ. திருநெல்வேலி டவுன், சைவ வேளாளர் வீடு. அப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவள் பக்கம் ‘தேரடி வெயில்’. ரீபா எதை எழுதினாலும் விஜயஸ்ரீ கடைசி வரி வரை வாசிப்பாள். அந்தக் கடைசி வரியைப் பிடித்துத்தான் பின்னூட்டமே தொடங்குவாள். முதலில் எழுத்தில் பழகி, பிறகு போனில் பழகி, ஒரு பதிவர் சந்திப்பில் நேரில் பார்த்த அன்றைக்கே இருவரும் ‘ஏட்டி’ என்று உரிமையோடு கூப்பிட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நான் அந்தச் சந்திப்புக்கு வடை வாங்கிக் கொடுத்தவன்.

2009 டிசம்பரோடு இது நின்றுபோனது. விஜயஸ்ரீ தன் பக்கத்தை மூடினாள். ரீபா போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. அடுத்த ஆவணியில் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். பத்திரிகையை வேறு கடையில் அடித்தார்கள், ரீபாவுக்கு ஒன்று கொடுக்கவும் இல்லை. எனக்கு வந்தது. போனேன், மறுவீட்டுத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு வரை இருந்து சாப்பிட்டேன். “சொதி எப்படி?” என்று ரீபா கேட்டபோது நன்றாக இருந்தது என்று சொல்லவும் செய்தேன். அன்று அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அதற்குப் பிறகு அவளும் எழுதுவதை விட்டுவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக முகநூலுக்குப் போய்விட, எங்கள் வலைப்பூக் காலம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி முடிந்தது.

விஜயஸ்ரீ ஏன் விலகினாள் என்று ரீபாவுக்குப் பதினைந்து வருடம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லும் முன் புதிய பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒன்றரை மாதம் என்னைச் சோதனை எலியாக வைத்துத்தான் அதைச் செய்தாள். கடையில் வேலை குறைந்த மத்தியானங்களில் நான் போய் உட்காருவேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டுவாள். சொந்தமாக ஒரு முகவரி வாங்கி, எளிய ஒரு அச்சு வடிவத்தை எடுத்து, வேண்டாததை எல்லாம் உரித்துப் போட்டிருந்தாள்.

முதல் விதி, ‘மேலும் வாசிக்க’ என்ற சொல்லே எங்கும் கிடையாது. எழுதியது எல்லாம் விரிந்தபடி இருக்கும். பின்னூட்டப் பெட்டி எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழேதான். அங்கே போக வேண்டுமென்றால் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். “வாசிக்காட்டியும் பரவால்ல, நடந்தாவது போகட்டும்” என்றாள். விருப்பக்குறி கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் கிடையாது. நான் மெதுவாக, ஒரு மூலையில் சின்னதாக எண்ணிக்கை காட்டினால் என்ன என்று கேட்டேன். பழைய நாட்களில் என் பக்கத்துக்கு அப்படி ஒன்று வைத்து, நானே தினமும் பத்து முறை திறந்து ஏற்றிக்கொண்டிருந்தவன்.

“போர்டுல யார் மூஞ்சி எத்தனை இஞ்சுன்னு நாள் பூரா அளந்துட்டு இருக்கேன் அண்ணாச்சி. என் வீட்டுலயும் ஸ்கேலை எடுத்துட்டு வரச் சொல்லுதீங்களா?” என்றாள்.

தேதியை மூன்று மணி நேரம் முன்பு, இரண்டு நாள் முன்பு என்று போடாமல், ‘செவ்வாய்க்கிழமை காலை’ என்று முழுதாகப் போட்டாள். எழுத்து பெரிது. “நாப்பதத் தாண்டுனவங்கதான் வரப் போறாங்க. கண்ணாடியத் தேட விடக் கூடாது.” பின்னணி நிறம், பத்திரிகை அட்டையில் வரும் சந்தனக் கலர். பின்னூட்டப் பெட்டி பத்து வரி உயரம். “சின்னப் பெட்டி வச்சா சின்னப் பேச்சுதான் வரும்” என்பது அவள் கணக்கு. பழைய நாட்குறிப்புத் தளங்களில் ‘இன்றைய மனநிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் திரும்பக் கொண்டுவந்தாள். அதில் தேர்ந்தெடுக்க அவள் வைத்த சொற்கள் நான்கு: நல்லா இருக்கேன், கோவம், பசி, கேக்காதீங்க. வெளியிடும் பொத்தானுக்கு முன்னால் ‘புரூஃப்’ என்று ஒரு பொத்தான். எழுதினதை ஒருமுறை வாசகர் பார்க்கிற மாதிரியே பார்த்த பிறகுதான் அடுத்த பொத்தான் திறக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், பக்கம் ஓர் இடத்தில் முடியும். பத்துப் பதிவு, அதற்குக் கீழே ‘முந்தைய மாதம்’ என்று ஒரு கதவு, அவ்வளவுதான். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற பாழும் கிணறு இல்லை. ஹெப்ரானின் பழைய போனில், கம்பத்தடியில் நிற்கும்போது கிடைக்கிற அரைகுறை சிக்னலில் திறக்கிறதா என்று பார்ப்பாள். திறக்காவிட்டால் எதையாவது பிடுங்கிப் போடுவாள். மார்ச் மாதம் பிறந்தபோது அந்தப் பக்கத்தில் பிடுங்க எதுவும் மிச்சமில்லை. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பிடித்திருந்தது.

“யாருக்காக இவ்வளவு பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒருத்தி வந்து வாசிச்சாப் போதும்” என்றாள் ரீபா. “கடைசி வரி வரைக்கும் வாசிக்கதுக்கு எனக்கு வேற ஆளு அமையல அண்ணாச்சி. அப்பாவைப் பத்தி எழுதினேன்லா, அத அவ வாசிச்சிருந்தா கொடையப் பத்தி என்ன சொல்லியிருப்பான்னுதான் எனக்கு இருந்துச்சு. வருவாளான்னு தெரியாது. ஆனா வந்தா ஒக்கார எடம் சரியா இருக்கணும்.”

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மிச்சமிருந்தது ஓரப் பட்டியல் மட்டும். வலைப்பூக்காரர்கள் எல்லோரும் பக்கத்தின் ஓரத்தில் ‘நான் வாசிக்கும் பக்கங்கள்’ என்று நண்பர்கள் பெயரை வரிசையாகப் போடுவோம். பெயரைத் தொட்டால் அவர்கள் பக்கம் திறக்கும். பார்க்கச் சாதாரணம். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அதற்கும் உண்டு. யார் முதலில், யார் கடைசியில், யாரைக் காணோம் என்று வந்து பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போவோம். ரீபா தன் பழைய பக்கத்தைத் திறந்து, 2009-இல் நின்றுபோன பட்டியலைப் புதியதில் பார்த்து எழுதத் தொடங்கினாள். பதினொரு பெயர். மேலிருந்து கீழ் வரை வந்தாள். மறுபடி மேலே போனாள்.

“அண்ணாச்சி, விஜி பேரு எங்க?”

நான் கடைக்கு வெளியே தெரிந்த வெயிலைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி.”

முழுப் பூசணிக்காயைப் பதினைந்து வருடம் சோற்றில் மறைத்திருந்தேன். அன்று அது தட்டுக்கு வந்துவிட்டது. சொன்னேன். 2009 டிசம்பரில் ரீபா தன் பக்கத்துக்குப் புது அலங்காரம் மாற்றினாள். டெம்ப்ளேட் என்போம். மாற்றினால் ஓரத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அந்தக் காலத்து வழக்கம் அது. பட்டியலை அவள் நினைவிலிருந்து மறுபடி எழுதினாள். பழைய பட்டியலில் பன்னிரண்டு பெயர், முதல் பெயர் விஜயஸ்ரீ, ஏழாவது நான். புதிய பட்டியலில் நான் ஆறாவது. ஏன் ஒரு படி ஏறினேன் என்று எண்ணிப் பார்த்தபோது யாரைக் காணோம் என்று தெரிந்துவிட்டது. ரீபாவை அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆறாவது இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதோடு, இரண்டு பேரும் எதற்கோ சண்டை, வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறாள் என்று நானே ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். மூன்று நாள் கழித்து விஜயஸ்ரீ அங்கே ஒரு பின்னூட்டம் போட்டாள்: “புதிய அமைப்பு அழகாக இருக்கிறது. இடமும் நிறைய மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்.” கிண்டல் புரியாமல் ரீபா கீழே “நன்றி விஜி!” என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

ரீபா பழைய பக்கத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். பின்னூட்டத்தை வாசித்தாள். தன் நன்றியையும் வாசித்தாள். அவள் கண் கலங்கியதை நான் முதல்முறை பார்த்தது அன்றுதான்.

“பதினஞ்சு வருசம், அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எத்தனை நாள் யோசிச்சிருப்பேன்?”

“தப்புதான்” என்றேன். அவள் திரும்பி யாருடையதோ ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்த ஆரம்பித்தாள். நான் எழுந்து போகவில்லை. போனால் அது இன்னொரு தப்பு.

பிறகு அவளே பேசினாள். “எப்படி விட்டேன் தெரியுமா? மத்தவங்க பக்கத்துக்கெல்லாம் லிஸ்ட்ல பேர அமுக்கித்தான் போவேன். அவ பக்கத்துக்கு அமுக்கினதே இல்ல. காலைல கம்ப்யூட்டரப் போட்டதும் கை தானா அவ அட்ரஸ அடிச்சிரும். லிஸ்ட் அழிஞ்சதும் யாரெல்லாம் வேணும்னு யோசிச்சேன் பாருங்க, அதுல அவ வரல. அவ லிஸ்ட்டுலயா இருந்தா எனக்கு?”

எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் இது புதிதா? ஊர் முழுக்கப் படியேறிப் பத்திரிகை வைப்பார்கள். ஒட்டின சுவர்க்காரரை, நம்ம ஆளுதானே, அவருக்கு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். முகூர்த்தத்தன்று அந்த வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். அந்தக் கதவு திறக்க இரண்டு தலைமுறை ஆகும்.

“சரி, இப்ப மொத பேரா போட்டுரு” என்றேன்.

“எதைத் தொட்டா எங்க போகும்? அவளுக்குத்தான் பக்கமே இல்லையே” என்றாள் ரீபா. அதுவும் சரிதான். பட்டியலில் தொட்டால் திறக்காத பெயர் என்றால், அது செத்துப்போனவர் பெயர் மாதிரி நிற்கும். உயிரோடிருப்பவருக்கு மாலை வந்த வீடு வேறு. அவள் அதைச் செய்யமாட்டாள்.

நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு ஓரப் பட்டியலையே மொத்தமாக அழித்தாள். என் ஆறாவது இடமும் போயிற்று. பக்கத்தின் தலைப்புக்குக் கீழே ‘எழுதுபவர்’ என்றிருந்ததை ‘எழுதுபவர்கள்’ என்று மாற்றி, விஜயஸ்ரீ, ரீபா என்று இரண்டு பெயர் போட்டாள். விஜயஸ்ரீக்குத் தனியாக ஒரு நுழைவுச்சொல்லும் உண்டாக்கினாள்.

“அவகிட்ட கேக்க வேண்டாமா?” என்றேன்.

“நேர்ல போய்ப் பத்திரிகை வச்சுக் கேப்பேன்” என்றாள்.

வைப்பதென்றால் வெறும் பேச்சு இல்லை. மறுநாளே சந்தனக் கலர் அட்டையில் நூறு பத்திரிகை அடித்துவிட்டாள். என்னிடம் ஒன்று காட்டினாள்.

“அன்புடையீர், வருகிற மார்ச் 17 திங்கட்கிழமை காலை ‘மூணாவது புரூஃப்’ மறுபடி திறக்கிறது. சுற்றமும் நட்பும் வருகை தந்து, முழுவதும் வாசித்து, ஆற அமரப் பின்னூட்டம் இட்டுச் செல்ல வேண்டுகிறோம். தங்கள் நல்வரவை நாடும் விஜயஸ்ரீ, ரீபா.” கீழே பொடி எழுத்தில், “அன்பளிப்பும் விருப்பக்குறியும் தவிர்க்கவும்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, அதே பட்டுப்புடவையோடு வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. குங்குமச்சிமிழ் வாங்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணாச்சி. அது எனக்கு வேஷமாப் போயிரும், அவளுக்கும் தெரியும்” என்றாள். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். கூட்டிப் போனது மரியாதைக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டவுனில் குறுக்குத்துறை ரோட்டுப் பக்கம் விஜயஸ்ரீ வீடு. கதவைத் திறந்தவளுக்கு முன்னந்தலையில் நரை. இப்போது அதே கூட்டுறவு வங்கியில் கிளை மேலாளர். ரீபாவைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வாங்க” என்றாள். “உக்காருங்க. காப்பி குடிக்கீங்களா?”

ரீபாவின் முகத்தில் அந்த ‘வாங்க’ விழுந்ததை நான் கவனித்தேன். ஆனாலும் அவள் உட்காரவில்லை. நின்றபடியே தாம்பாளத்தை நீட்டினாள். வீடு தேடி வந்து நீட்டுகிற தாம்பாளத்தை இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. விஜயஸ்ரீயும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பத்திரிகையை எடுத்து வாசித்தாள். எதிர்பார்த்தபடியே கடைசி வரி வரை வாசித்தாள். அங்கே தன் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

“யாரக் கேட்டு எம் பேரப் போட்டீங்க?”

“யாரையும் கேக்கல” என்றாள் ரீபா.

“அன்னைக்கு எடுக்கும்போதும் கேக்கல. இன்னைக்குப் போடும்போதும் கேக்கல. நல்லா இருக்கே நியாயம்.”

“நான் எடுக்கல விஜி. விட்டுப்போச்சு.” பட்டியல் அழிந்த கதையை, விரல் தானாக அடித்த கதையை, போன வாரம்தான் எல்லாம் தெரிந்துகொண்டதை, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், “நீ ஒரு போன எடுத்திருக்கலாம். ஒங் கல்யாணத்துக்கு நான் வரலைங்கது எனக்கு இன்னைக்கும் வலிக்கி” என்றாள்.

“விட்டுப்போச்சுன்னு எல்லாக் கல்யாண வீட்டுலயும்தான் சொல்லுவாங்க” என்றாள் விஜயஸ்ரீ. குரல் வங்கி மேலாளர் குரலாக இருந்தது. மேசையிலிருந்த தன் போனைத் திறந்து ரீபாவிடம் நீட்டினாள். “கை தானா அடிக்கும்னு சொன்னீங்கள்ல? அடிங்க, பாப்போம்.”

பதினைந்து வருடத்துக்கு முந்தைய முகவரி. ஆங்கிலத்தில் முப்பது எழுத்தாவது இருக்கும். என் சொந்தப் பக்கத்தின் முகவரியே எனக்கு மறந்துவிட்டது. ரீபா போனை வாங்கினாள். யோசிக்கவில்லை, மேலே பார்க்கவில்லை. இரண்டு கட்டைவிரலும் ஓடி நின்றன. திருப்பிக் கொடுத்தாள்.

திரையில் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்திருந்தது. விஜயஸ்ரீ அதைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே இருந்த முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

“நடுவுல ஒரு கோடு உண்டுன்னு எனக்கே மறந்துபோச்சு” என்றாள் மெல்ல.

இனியும் சும்மா இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. “தப்பு எம்மேலயும் இருக்கும்மா. எனக்கு அன்னைக்கே தெரியும்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். ஒங்களுக்குத்தான் ஆறாம் எடம் கெடச்சுதுலா, அண்ணாச்சி?” என்றாள் விஜயஸ்ரீ. அவளும் எண்ணியிருக்கிறாள். ரீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விஜயஸ்ரீ சிரிக்கவில்லை, பத்திரிகையை மறுபடி எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“எத்தனை அடிச்சிருக்க?”

“நூறு.”

“யாருக்கெல்லாம் குடுத்த?”

“யாருக்கும் குடுக்கல. மொத வீடு இதான்.”

“மீதி எங்க?”

“வண்டில இருக்கு. நீ சரின்னு சொன்னா ஆளுக்கு அம்பதுன்னு நெனச்சேன்.”

“அம்பது எப்படிப் பத்தும்? எங்க பக்கம் ஆளு கூட, ஏட்டி. அறுபத இங்கன வச்சிட்டுப் போ.”